ஊட்டி மலை ரயிலின் பழைய இன்ஜின்களை எப்படிப் பராமரிக்கிறார்கள்?

கேள்வி இது: "சுவிட்சர்லாந்தில் செர்மாட் போய்வந்தோம். பனிச்சறுக்குக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அங்கே பல்சக்கர ரயில் மின்சாரத்தில் பளபளவென்று மலையேறுகிறது. அடுத்த மாதம் குழந்தைகளோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போகிறோம். இங்கே மட்டும் ஏன் இன்னும் நூறு வருடப் பழைய நீராவி இன்ஜின்? யார் பராமரிக்கிறார்கள்? நம்பி ஏறலாமா?"

ஏறலாம். நானும் என் பேரப்பிள்ளைகளை அதில்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

என் அப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். நானும் ரயில்வே பணிமனையில் நீராவியில் தொடங்கி டீசல் வரை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். அதனால் இந்த இன்ஜின்களை ஜன்னலிலிருந்து பார்த்ததைவிட அடியில் படுத்துப் பார்த்ததுதான் அதிகம்.

முதலில் செர்மாட். அங்கே நீங்கள் ஏறியது கோர்னர்கிராட் ரயிலாக இருக்க வேண்டும். அது 1898-ல் திறந்தது. தொடங்கிய நாளிலிருந்தே மின்சாரம். நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-ல் திறந்தது. இரண்டுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். இரண்டிலும் தண்டவாளத்துக்கு நடுவே போட்டிருப்பது ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வடிவமைத்த பல்தண்டுதான், அதாவது வண்டியின் அடியில் இருக்கிற பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறுகிற, பல் வெட்டிய இரும்புத் தண்டு. அவர்கள் பாதையை வைத்துக்கொண்டு வண்டியைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றினார்கள். நாம் பாதையையும் வைத்துக்கொண்டோம், வண்டியையும் வைத்துக்கொண்டோம். அவர்களுக்குக் கூப்பிட்ட குரலுக்கு மலை ரயில் கட்டித் தர உள்ளூரிலேயே ஆலை இருக்கிறது, ஒரே நாட்டில் பத்துப் பதினைந்து பல்சக்கரப் பாதைகளும் இருக்கின்றன. இந்தியாவில் பல்சக்கர ரயில் என்றால் நீலகிரி ஒன்றுதான். பழனி மலையில் கொடைக்கானலுக்குக்கூட ரயில் அடிவாரத்துக் கொடைரோடோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு பாதைக்காக இன்ஜின் கட்ட யார் முன்வருவார்கள்? நம் ஊர் பராமரிப்பின் கஷ்டமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் தொடங்குகிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், உதகமண்டலம் 2,203 மீட்டர். இடையில் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு வரை சாதாரண ரயில். கல்லாறு தாண்டியதும் ஏறத்தாழ 12 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் ஏற்றம் தொடங்குகிறது. அந்தச் செங்குத்தில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்து நிற்காது, வழுக்கும். அதனால்தான் பல். குன்னூர் வரை அந்தப் பல்லைக் கடித்துக்கொண்டேதான் ஏறவும் இறங்கவும் வேண்டும், வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. குன்னூரிலிருந்து உதகைக்குப் பல் இல்லை. அந்தப் பகுதிக்கு டீசல் இன்ஜின் போதும், அப்படித்தான் ஓடுகிறது. ஆக "பழைய இன்ஜின்" என்று நீங்கள் கேட்பது கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் தள்ளுகிற எக்ஸ் வகை நீராவி இன்ஜினைத்தான்.

தள்ளுகிற என்றுதான் சொன்னேன். மலையேறும்போது இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம், வண்டிக்குப் பின்னால். கொக்கி விட்டுப்போனாலும் பெட்டிகள் இன்ஜின் மேலேதான் சாயும், தனியாக உருண்டு ஓடாது.

இந்த எக்ஸ் இன்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். ஆலை. முதல் தொகுதி 1914 முதல் 1925 வரை வந்தது, இன்னொரு தொகுதி 1950-களின் தொடக்கத்தில். ஒரே உடம்புக்குள் இரண்டு இன்ஜின் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர். கீழே இருக்கிற இரண்டு, சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். மேலே இருக்கிற இரண்டு, வயிற்றுக்கடியில் ஒளிந்திருக்கிற பல்சக்கரங்களைச் சுற்றும். சமதளத்தில் கீழ் சிலிண்டருக்கு மட்டும் ஆவி. ஏற்றம் வந்ததும் கீழ் சிலிண்டர் தள்ளி முடித்த ஆவி வீணாக வெளியே போகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் இன்னொரு முறை உழைக்கும். கல்லாறு தாண்டும்போது சத்தத்தின் தாளம் மாறுவது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

இப்போது பராமரிப்பு. எதை விட்டாலும் இதை மட்டும் விடக்கூடாது என்று அப்பா சொன்னது, சக்கரத்துக்கும் பல்லுக்கும் உள்ள உறவு. சாதாரண ரயிலில் சக்கரத்தின் டயர் சில மில்லிமீட்டர் தேய்ந்தால் யாருக்கும் கவலை இல்லை. தேய்மான எல்லை வரை ஓட்டலாம். இங்கே அப்படி இல்லை. டயர் தேய்ந்தால் முழு இன்ஜினும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். இன்ஜின் இறங்கினால் அடியில் தொங்குகிற பல்சக்கரமும் இறங்கி, பல்தண்டுக்குள் கூடுதல் ஆழமாகக் கடிக்கும். கடி ஆழமானால் பல்லின் நுனி எதிர்ப் பல்லின் அடிவாரத்தில் முட்டும். அந்த முட்டலில்தான் பல் உடையும். தண்டவாளமே தேய்ந்தாலும் இதே கதைதான். மாறாகப் பல்தண்டு தேய்ந்தால் கடி தளர்ந்துபோகும். ஆக ஒன்றின் தேய்மானத்தைத் தனியாகப் பார்க்க முடியாது. சக்கரம், தண்டவாளம், பல்சக்கரம், பல்தண்டு என்று நான்கையும் ஒரே நோட்டில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

பல்தண்டு ஒற்றை அல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசை. ஒன்றின் பல் இருக்கிற இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும்படி மாற்றி வைத்திருப்பார்கள். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது அதன் சூட்சுமம். பல்தண்டு தொடங்குகிற இடத்தில், முதல் துண்டு மட்டும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். ஓடிவருகிற பல்சக்கரத்தின் பல், பள்ளத்தில் விழாமல் பல்லின் தலையிலேயே விழுந்தால் அந்தத் துண்டு அமுங்கிக் கொடுக்கும்; இரண்டு அடி போவதற்குள் பல் தன் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிடும். அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிட்டால் ஒவ்வொரு நாளும் இன்ஜின் தன் பல்லைத் தானே கொத்திக்கொள்ளும். பயணி கண்ணுக்கு அது கருப்புக் கிரீஸ் அப்பிய இரும்புத் துண்டு. எனக்கு 46 கிலோமீட்டரில் முதலில் கண் போகிற இடம் அதுதான்.

அடுத்தது பாய்லர். ஏற்றத்தில் இன்ஜினோடு பாய்லரும் சாய்கிறது, உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. நெருப்புப் பெட்டியின் கூரையை எப்போதும் தண்ணீர் மூடியிருக்க வேண்டும். மூடாமல் விட்டால் கூரைத் தகடு பழுத்து இளகிவிடும். அதற்கு ஒரு காவல், கூரையில் திருகியிருக்கிற ஈயப் பிளக். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பீறிட்டு எச்சரிக்கும். இன்ஜினின் நெருப்பையும் தண்ணீரையும் கவனிக்கிற நல்ல ஃபயர்மேனுக்கு வாழ்நாளில் ஒரு முறைகூட அந்தச் சத்தம் கேட்கக்கூடாது.

பாய்லரின் அன்றாட எதிரி தண்ணீரில் இருக்கிற உப்பு. பாத்திரத்தின் அடியில் படிகிற மாதிரி குழாய்களிலும் தகட்டிலும் படியும். படிந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே நிற்கும். அதனால் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை பாய்லரை முழுக்க ஆறவிட்டு, திருகுகளைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சி, கம்பி விட்டுச் சுரண்டிக் கழுவ வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீர் விட்டால் தகட்டில் விரிசல் விழும். ஆறவிடுவதும் வேலைதான் என்பதை மேலே இருந்து அட்டவணை போடுகிறவர்களுக்குப் புரியவைப்பது எந்தக் காலத்திலும் சுலபமாக இருந்ததில்லை.

நெருப்புப் பெட்டிக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான தாங்கு போல்ட்டுகள் உண்டு. அதில் ஒன்று உள்ளே முறிந்தால் வெளியே தெரியாது. அப்பா சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஆறிய நெருப்புப் பெட்டிக்குள் குனிந்து நுழைவார். நான் வெளியே விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரு தட்டு. டிங், டிங், டிங் என்று வரிசையாகப் போகும். திடீரென்று ஒன்று மட்டும் 'டொக்' என்று செத்த சத்தம் கொடுக்கும். "கேட்டியாடா?" என்பார். "கேட்டுச்சுப்பா." சாக்குக்கட்டியால் அதில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அன்றைக்கு எனக்குப் பதினோரு வயது. இன்றைக்கும் பித்தளைக் குடத்தைத் தட்டி வாங்குகிற பெண்களைப் பார்த்தால் அந்தப் 'டொக்' ஞாபகம் வரும்.

இன்ஜின்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியதைப் பற்றி நிறையப் பேர் வருத்தப்படுகிறார்கள். நான் அப்படி இல்லை. நிலக்கரியில் தீப்பொறி பறக்கும். பாதையின் இரு பக்கமும் காடு. கோடையில் புல் காய்ந்து கிடக்கும். கரி நல்லதாக அமையாத நாளில் ஆவி எழாமல் நடு ஏற்றத்தில் நிற்க நேரும். முதலில் ஃபர்னஸ் ஆயில், பிறகு டீசல் என்று எரிபொருள் மாறியதில் நெருப்பை மட்டுப்படுத்துவது எளிதானது. ஆனால் பராமரிப்பு குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எண்ணெய்ச் சுடர் ஒரே இடத்தில் ஊதும். அங்கே செங்கல் காப்பு சிதையும், அதைப் பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டும்.

ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது, இறங்க மூன்றரை மணிதான். பார்ப்பவர்களுக்கு இறக்கம் சுலபம். எங்களுக்கு இறக்கம்தான் பயம். அதற்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக பிரேக்குகள் இருக்கின்றன. கைப்பிரேக், வாக்குவம் பிரேக், பல்சக்கர அச்சைப் பட்டையால் இறுக்குகிற பிரேக். இவற்றோடு நான் மிகவும் மதிக்கிற ஒன்று, சிலிண்டரையே பிரேக்காக்குவது. இறங்கும்போது ஆவியை மூடிவிட்டு சிலிண்டருக்குள் காற்றை விடுவார்கள். ஏறும்போது தள்ளிய அதே பிஸ்டன் இப்போது காற்றை அமுக்கிக்கொண்டு முட்டுக்கட்டையாக நிற்கும். அமுக்கிய காற்று கொதிக்கும் என்பதால் உள்ளே கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். பிரேக் கட்டை தேயாது, சக்கரம் சூடாகாது. இது போக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். அவர் கையில் சக்கரத்துக்கு ஒன்று, பல்தண்டுக்கு ஒன்று என்று இரண்டு பிடி. கொடியைப் பார்த்து, விசிலைக் கேட்டு இறுக்குவார், தளர்த்துவார். "இத்தனை ஆள் எதற்கு, ஒரே பட்டனில் முடியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு குழாய் உடைந்தால் அந்தப் பட்டன் செத்துவிடும். ஆறு பேரின் கை ஒரே நேரத்தில் சாகாது.

இத்தனைக்கும் உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது? விண்டர்தூர் ஆலை 1998-லேயே கைமாறிப் பிரிந்துபோனது. கடிதம் எழுதி ஒரு புஷ், அதாவது அச்சு சுழல்கிற உள்வளையம், கேட்க ஆள் கிடையாது. கோயம்புத்தூர் பக்கம் வார்ப்பட ஆலைக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் அவர்கள் வார்ப்பது ஆயிரக்கணக்கில். நமக்கு வேண்டியது இரண்டோ மூன்றோ. நான் வேலையில் இருந்தபோது ஒருமுறை வெளியே ஒரு பட்டறையில் வெண்கல புஷ் வார்த்து வாங்கினோம். அளவில் நூல் பிசகு இல்லை, பார்க்கவும் அழகாக இருந்தது. மாட்டிய இரண்டாம் நாள் கை வைத்தால் சுட்டது. கழற்றி அறுத்துப் பார்த்தால் உள்ளே சுத்திலும் ஊசி ஓட்டைகள். ஈயச் சேர்மானமும் சரியில்லை, வார்க்கும்போது காற்றும் சிக்கியிருக்கிறது. வரைபடத்தில் நீளம், அகலம், விட்டம் எல்லாம் இருந்தது; எந்தச் சூட்டில் ஊற்ற வேண்டும் என்பது பழைய வார்ப்புக்காரர் ஒருவருடைய தலைக்குள் இருந்தது. அவர் அதற்கு முந்தின வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

பழைய வண்டிகளுக்கு வயதாவதைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் இந்த புஷ்தான் ஞாபகத்துக்கு வரும். 1920-களில் வந்த இன்ஜின் என்கிறோம். அதன் பாய்லர் குழாய், டயர், புஷ், பல்சக்கரம் எல்லாம் எத்தனையோ முறை மாறிவிட்டன. இரும்பை எப்போது வேண்டுமானாலும் புதிதாக வார்க்கலாம். வார்க்கத் தெரிந்தவரின் கைக்கு வயதாகிறது, அதற்குத்தான் மாற்றுக் கிடைப்பதில்லை.

இதைச் சுவிஸ்காரர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆண்டர்மாட் என்ற பனிச்சறுக்கு ஊருக்குப் பக்கத்தில் ஃபுர்கா கணவாய் இருக்கிறது. அந்த மலைப்பாதைக்காக 1913, 1914-ல் இதே விண்டர்தூர் ஆலை பல்சக்கர நீராவி இன்ஜின்கள் செய்து கொடுத்தது. நம் எக்ஸ் இன்ஜின்களுக்குப் பங்காளி முறை. பாதைக்கு மின்சாரம் வந்ததும் 1947-ல் நான்கு இன்ஜின்களை வியட்நாமுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே தா லாத் என்ற, நம் ஊட்டி மாதிரியான மலையூருக்கு அவை ஓடின. போரில் அந்தப் பாதை நின்றுபோனது, இன்ஜின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1982-ல் ஃபுர்காவுக்கு அடியில் நீண்ட குகை திறந்ததும் மேலே இருந்த பழைய பாதையும் கைவிடப்பட்டது. அப்புறம்தான் ஆர்வலர்கள் சேர்ந்து பாதையை மீட்டார்கள். 1990-ல் வியட்நாம் போய் அந்த இன்ஜின்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, பிரித்து, மறுபடி ஓட்டினார்கள். 2010-ல் முழுப் பாதையும் திறந்தது. இன்றும் அதைப் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பாதையில் ஸ்டெஃபன்பாக் என்று ஒரு பாலம் இருக்கிறது. பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் 1925 முதல் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பாலத்தையே மடக்கிக் கரையோரம் வைத்துவிடுகிறார்கள். வசந்தத்தில் மறுபடி விரிக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க ரயில் இல்லை. இன்ஜின் பட்டறையில் இருக்கும். மலையோடு மல்லுக்கட்டாமல், நிறுத்தவேண்டிய மாதத்தில் நிறுத்துகிற அந்தப் புத்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நமக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. குன்னூர் சரிவு கிழக்கே பார்த்தது, வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கும். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து பாதையை மூடுவது வழக்கம். 2009 நவம்பரில் சரிந்ததை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணை அள்ளிவிட்டால் வேலை முடியாது. பல்தண்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் சிக்கிய கல்லைக் கையால் எடுக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு கல் போதும், பல்லை உடைக்க. கொட்டுகிற மழையில் குனிந்தபடி நடந்து, குச்சியால் நோண்டிக்கொண்டே போகிற கேங்மேன்களைத்தான் நான் இந்த ரயிலின் முதல் டாக்டர்கள் என்பேன். சீசன் இல்லாத அந்த மாதங்களை முன்கூட்டியே பராமரிப்பு மாதங்கள் என்று அறிவித்துவிட்டால் இன்ஜினுக்கும் ஓய்வு, பயணிக்கும் ஏமாற்றம் இல்லை. என் கருத்து இது. சுற்றுலாவை நம்பி இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நம்பிக்கை தருகிற விஷயம் பொன்மலை. திருச்சியில் இருக்கிற அந்தப் பணிமனையில் 2011 முதல் எண்ணெயில் ஓடும் எக்ஸ் இன்ஜின்களைப் புதிதாகவே கட்டி மலைக்கு அனுப்பினார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் வந்தது. உலகமே நீராவியை விட்டுவிட்ட பிறகு, நான்கு சிலிண்டர் பல்சக்கர இன்ஜின் ஒன்றை முழுசாகக் கட்டுவது சாமானியம் இல்லை. சுவிட்சர்லாந்திலும் 1992-ல் பிரியென்ஸ் மலை ரயில் போன்றவற்றுக்காகப் புதிய நீராவி இன்ஜின்கள் கட்டினார்கள், எண்ணெயில் ஓடுவதுதான். இரண்டு நாட்டிலும் கிடைத்த பெரிய லாபம் இன்ஜின் மட்டும் இல்லை. அதைக் கட்டுகிற சாக்கில் இளைஞர்கள் ரிவெட் அடிக்கவும், குழாய் விரிக்கவும், பல்சக்கரம் பொருத்தவும் பழகிக்கொண்டார்கள். ஒரு இன்ஜினை வாங்கி நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. ஐந்து வருடத்துக்கு ஒன்றாவது கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜப்பானில் இசே கோயிலை இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவது தச்சர்களின் கை மறந்துவிடாமல் இருக்கவும்தான் என்பார்கள். நம் ஊரில் தேர்த்தச்சர்கள் இன்னும் இருப்பதும் தேர் பழுதாகிக்கொண்டே இருப்பதால்தானே.

2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததால் நீராவியை எடுத்துவிட மாட்டார்கள் என்ற தெம்பு இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தத் தெம்பு இல்லை. நஷ்டக் கணக்கைக் காட்டி மூடிவிடுவார்களோ என்று அப்பா கடைசிவரை பயந்துகொண்டேதான் இருந்தார்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். மழை மாதமாக இருந்தால் டிக்கெட்டோடு பஸ்ஸுக்கும் ஒரு யோசனை வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால், யாரோ பாதையில் நடந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுவதால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் முன்னால் மலை அப்படியே திறந்து தெரியும். வழியில் ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லாரும் குரங்குக்குப் பிஸ்கட் போட ஓடுவார்கள். நீங்கள் குழந்தைகளை இன்ஜின் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் கேனோடு ஒருவர் இறங்கி வருவார். ஒவ்வொரு இணைப்புக்கும் எண்ணெய் விடுவதற்கு முன்னால் புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்ப்பேறியிருக்கும், அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. ஏன் புறங்கை என்று குழந்தைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வேலைக்கு நடுவிலும் அவர் நின்று சொல்லுவார்.